தம்பியின் கையெழுத்து

புந்தா மாங்லே,
மரக்காய்போ ஏரிக்கரை,
பிப்ரவரி 4, 1925

அன்புத் தம்பி நெக்தாரியோவுக்கு,

அக்கா பெத்தூலியா எழுதுவது. மாதாவின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தலைநகரத்து மலைக்குளிர் நெஞ்சில் ஏறாமல் பார்த்துக்கொள்கிறாயா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள்.

சுகம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன். தெற்கே எண்ணெய்க் கம்பெனி நட்ட கோபுரங்கள் இப்போது நம் வீட்டுப் பலகையில் நின்று பார்த்தாலே தெரிகின்றன. வலையை இழுத்தால் மீனோடு கறுப்புக் கூழும் வருகிறது. போன வாரம் பொரித்த மீனில் உன் அத்தான் ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுல ஒரு திரியைப் போடு பெத்தூலியா, விளக்காவது எரியும்" என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கர்னல் பார்மேனியோ வந்தார். நாட்டை ஆள்கிற ஜெனரல் நம் பகுதிக்கு அனுப்பியிருக்கும் புது ஊரதிகாரி. மலைநாட்டு ஆள், படகில் உட்கார்ந்தால் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். கூடவே கம்பெனியின் நில அளவைத் துரை ஒருவன். கர்னல் நம் பலகைப் பாலத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்.

"ஏரி அரசாங்கத்துது. ஏரிக்கு அடியில இருக்கிறதும் அரசாங்கத்துது. மழைக்கு முன்னாடி எல்லாரும் காலி பண்ணிடணும்."

"ஏரி உங்களுதாவே இருக்கட்டும் கர்னல். பின்னாடி இருக்கே கரை, தென்னந்தோப்பு, படகுத்துறை, அது எங்கப்பா அன்செல்மோ பெரோசோ பேர்ல பதிஞ்சது" என்றேன்.

"உங்கப்பா எங்க? வரச் சொல்லு."

"கல்லறையில இருக்கார். நீங்களே போய்க் கூப்பிட்டுப் பாருங்க."

ஊர் சிரித்தது. கர்னலுக்குக் காது சிவந்துவிட்டது.

அப்பாவுக்குப் பின் கரைக்கு வாரிசு நீ. உன் கையெழுத்து இல்லாமல் அந்த மண்ணில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது என்ற தெம்பில்தான் தண்ணீர்மேல் நிற்கும் இந்த நாற்பது வீடும் தூங்குகிறது. நீ வக்கீல். மந்திரியைப் பார். எங்கள் நிலைமையை எடுத்துச் சொல். ஊர்ச் செலவில் படித்தவன் நீ என்று நான் சொல்லிக்காட்டவில்லை. எதிர்வீட்டு உபால்தீனா சொல்லச் சொன்னாள்.

உன் அக்கா,
பெத்தூலியா


விதவை கொல்மெனாரேஸ் வீட்டு மாடியறை,
கராகஸ்,
மார்ச் 15, 1925

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். அம்மாவின் முழங்காலுக்குத் தைலமும், உனக்கு ஒரு பூப்போட்ட துணியும், கொய்னா மாத்திரைகளும் படகுக்காரர் எமித்தேரியோ வசம் அனுப்பியிருக்கிறேன். துணி நல்ல துணி. கஞ்சத்தனம் பார்த்து மடித்தே வைத்துவிடாதே.

எனக்கு இங்கே மூச்சுவிட நேரமில்லை. எங்கள் அலுவலகத்துக்குப் பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. எண்ணெய் பற்றிய புதுச் சட்டம். அது ஆங்கிலத்தில் வருகிறது அக்கா. நான்தான் நம் மொழியில் பெயர்க்கிறேன். நேற்று மேசையைச் சுற்றி மூன்று வெளிநாட்டுத் துரைகளும் மந்திரியின் செயலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பிரிவையும் நான் படித்து முடித்ததும், செயலாளர் துரைகளின் முகத்தைப் பார்ப்பார். அவர்கள் தலையாட்டினால் அடுத்த பிரிவு. வெளியே வந்ததும் என் தோளில் தட்டி, "கமா எங்க போடணும்கிறதை மட்டும் நம்ம இஷ்டத்துக்கு விட்டுட்டாங்க டாக்டர். நாட்டு மானம் உங்க கமாவுலதான் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். இங்கே வக்கீலையும் டாக்டர் என்றுதான் அழைக்கிறார்கள் அக்கா.

மந்திரியைப் பார்க்கும் விஷயம்: அதற்கெல்லாம் காலம் இடம் பார்க்க வேண்டும். பொறுமையாக இருங்கள். கர்னலிடம் வாய் கொடுக்காதே. கடிதங்கள் வழியில் பிரிக்கப்படுகின்றன என்பது உனக்குத் தெரியும். யோசித்து எழுது.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உன் தம்பி,
நெக்தாரியோ


புந்தா மாங்லே,
ஏப்ரல் 20, 1925

அன்புத் தம்பிக்கு,

இதை முதலில் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கும் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா? பசையை ஒட்டும்போது கொஞ்சம் சுத்தமாக ஒட்டுங்கள். போன கடிதத்தில் பாதி வரி கிழிந்து வந்தது.

தைலம் வந்தது. அம்மா அதை உன் கையென்று நினைத்துத் தேய்த்துக்கொள்கிறாள். துணியை மடித்து வைக்கவில்லை. கிழித்து, புண்ணுக்குக் கட்டிவிட்டேன். ஏரியில் குளிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் முதுகில் கொப்புளம். உபால்தீனாவின் கைப்பிள்ளைக்குக் கண் திறக்கவில்லை. பூப்போட்ட கட்டோடு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் திருவிழாவுக்குப் போகிற மாதிரி திரிகிறார்கள். நல்ல துணிதான்.

அந்த அளவைத் துரை மறுபடி வந்தான். வெயிலில் வாடி நின்றவனுக்குக் காப்பி கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவன் எதிரியானாலும் காப்பி இல்லாமல் அனுப்புவதில்லையே. உடைந்த பாஷையில் பேசினான். "என் தம்பி தலைநகர்ல பெரிய வக்கீல். நெக்தாரியோ பெரோசோ. உங்களை அவன் பார்த்துப்பான்" என்று மிரட்டினேன். மிரட்டத்தான் சொன்னேன்.

அவன் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "டாக்டர் பெரோசோ! நல்ல பையன்! நம்ம ஆள்!" என்றான். என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

காப்பிக் குவளையைக் கழுவக்கூட எனக்குக் கை வரவில்லை. ஏரியில் எறிந்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். சட்டம் எழுதுகிற அந்த மேசையில் உனக்குச் சம்பளம் தருவது யார்? அரசாங்கமா, கம்பெனியா? இரண்டும் ஒன்றுதான் என்றால் அதையாவது எழுது.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

பெத்தூலியா


கராகஸ்,
மே 28, 1925

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உபால்தீனாவின் குழந்தைக்குக் கண் மருந்து அனுப்பியிருக்கிறேன். இங்கே மழை தொடங்கிவிட்டது. விதவை கொல்மெனாரேஸ் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. வேறு இடம் பார்க்கிறேன்.

எங்கள் அலுவலகம் பல கட்சிக்காரர்களுக்கு வேலை செய்கிறது. வக்கீல் தொழில் அப்படி.

நான் ஒன்று சொன்னால் கோபப்படாதே. தண்ணீர்மேல் மூங்கிலும் கோரையுமாக எத்தனை நாள் வாழ்வது? கரையில் ஓட்டு வீடு, குழாய்த் தண்ணீர், ஒரு மருத்துவர் என்று கம்பெனி பேசுகிறது. நல்ல விலையும் வரும். ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இந்த நாட்டில் ஜெனரல் வேண்டும் என்றதை யாரும் மறுத்ததில்லை. மறுத்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன், நீயும் பார்த்திருக்கிறாய்.

அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? எழுது.

நெக்தாரியோ


புந்தா மாங்லே,
ஜூலை 9, 1925

தம்பி,

அம்மாவின் முழங்கால் நன்றாக இருக்கிறது. அன்று அவள் அந்த முழங்காலோடுதான் படகில் ஏறி உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை காலை கம்பெனியின் பெரிய மிதவை வந்தது, நம் வீடுகளுக்கு நடுவே கம்பம் அடிக்க. உன் அத்தான் சொல்லிவைத்தபடி எல்லோரும் படகுகளை ஒன்றோடொன்று கட்டி, குறுக்கே சங்கிலி மாதிரி நின்றோம். கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. பெண்கள் எல்லோரும் சட்டியும் அகப்பையுமாக இருந்தோம். சமைத்துக்கொண்டிருந்த கையோடு வந்தவர்கள். உபால்தீனா கர்னலைப் பார்த்து, "இறங்கி வாங்க கர்னல், தண்ணி இடுப்பளவுதான்! நீச்சல் தெரியாட்டி நான் தூக்கிக்கறேன்!" என்றாள். மிதவையிலிருந்த கூலியாட்கள்கூடச் சிரித்தார்கள். அவர்களும் நம் மாதிரி ஏழைகள்தானே. யாரும் சம்மட்டியைத் தொடவில்லை.

மதியம்வரை அந்த மிதவை நகரவில்லை. அந்த அரை நாள் எங்களுடையது.

பிறகு சிப்பாய்கள் இரண்டு விசைப்படகில் வந்தார்கள். "யாரு தலைவன்?" என்றார் கர்னல். சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். பிள்ளைகள் அலறியதும் உன் அத்தான் எழுந்து நின்று, "தலைவன்னு யாரும் கிடையாது. கயிறு என்னுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்தார்கள். அந்தக் கயிற்றாலேயே கட்டிக் கொண்டுபோனார்கள்.

ஏரிமுகத்துக் கோட்டைச் சிறையில் போட்டிருக்கிறார்கள். அங்கே காலில் எந்த எடை இரும்பைப் பூட்டுவார்கள், கழற்றும்போது யார் எஞ்சியிருப்பார்கள் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மாமா அங்கேதான் முடிந்தார்.

நெக்தாரியோ, இதுவரை உன்னிடம் கேட்டதெல்லாம் ஊருக்காக. இது எனக்காக. உனக்கு மந்திரியைத் தெரியும், செயலாளரைத் தெரியும், துரைகளைத் தெரியும். யார் காலில் வேண்டுமானாலும் விழு. அவரை எனக்குத் திருப்பிக் கொடு.

உன் அக்கா


புந்தா மாங்லே,
ஆகஸ்ட் 17, 1925

தம்பி,

பதில் இல்லை. எமித்தேரியோவின் படகு வரும்போதெல்லாம் துறையில் போய் நிற்கிறேன். அவர் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிடுகிறார்.

நீ சுகமா? அதையாவது எழுது.


புந்தா மாங்லே,
செப்டம்பர் 30, 1925

நெக்தாரியோ,

கோட்டைக்குப் போயிருந்தேன். பொரித்த வாழைக்காயும் பாலாடைக் கட்டியும் கட்டிக்கொண்டு போனேன். வாசலில் இருந்த சார்ஜென்ட் அதை வாங்கி, என் கண் முன்னாலேயே உட்கார்ந்து தின்றான். தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்றான்.

"உள்ள இருக்கிறவருக்குன்னு கொண்டுவந்தேன்" என்றேன்.

"உள்ள இருக்கிறவனுக்குப் பசிக்காது" என்றான். அழுக்குத் துணி என்று ஒரு சட்டையைத் தூக்கிப் போட்டான். அவருடைய சட்டைதான். வீட்டுக்கு வந்து இரண்டு முறை துவைத்தேன். காலர்ப் பக்கம் கறை போகவில்லை.

அம்மா கேட்கிறாள், தம்பிக்கு உடம்பு சரியில்லையோ, அதனால்தான் எழுதவில்லையோ என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவள் உனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அவள் மருமகனுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. இரண்டும் ஒரே உயரம்.

பெத்தூலியா


எல் பராயீசோ,
கராகஸ்,
நவம்பர் 22, 1925

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் கிறிஸ்துமஸுக்கு முன் வீடு வந்து சேர்வார். உறுதியாகச் சொல்கிறேன். எப்படி என்று கேட்காதே. யாரிடமும் பேசாதே. அவரையும் கொஞ்ச நாள் படகை எடுக்காமல் வீட்டில் இருக்கச் சொல்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லாததுதான்.

அம்மாவுக்கு என் முத்தங்கள். புது முகவரியைக் குறித்துக்கொள்.

நெக்தாரியோ


புந்தா மாங்லே,
ஜனவரி 18, 1926

நெக்தாரியோவுக்கு,

அவர் வந்தார். டிசம்பர் இருபதாம் தேதி, எமித்தேரியோவின் படகில். சாமான் மூட்டைகளோடு ஒரு மூட்டையாக உட்கார்ந்திருந்தார். நான் அடையாளம் தெரியாமல் அவரைத் தாண்டிப் பின்னால் தேடினேன். "என்ன பெத்தூலியா, வேற யாராவது வரணுமா?" என்றார். முன்பல் இல்லாததால் சீட்டியடிக்கிற மாதிரி வந்தது குரல். கணுக்கால்களில் தோல் இல்லை. இரும்பு இல்லாவிட்டாலும் இன்னும் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார்.

அன்று உன்னை வாழ்த்தாதவர்கள் இந்த ஊரில் இல்லை. உன்னைத் திட்டிய என் கடிதங்களை எல்லாம் நினைத்து நான் வெட்கப்பட்டேன். சான் பெனிதோ திருவிழாவில் மேளக்காரர்கள் நம் வீட்டு முன்னால் நின்று அடித்தார்கள். அம்மா ஆடினாள். "என் பிள்ளைதான் மீட்டான்!" என்று வந்தவர் போனவர் கையிலெல்லாம் ரம் கொடுத்தாள்.

பதினைந்து நாள். அந்தச் சந்தோஷத்துக்கு பதினைந்து நாள்தான் ஆயுசு.

ஜனவரி நாலாம் தேதி கம்பெனி ஆட்கள் கரையில் இறங்கித் தென்னைகளை வெட்டத் தொடங்கினார்கள். நான் ஓடினேன். "யாரைக் கேட்டு வெட்டறீங்க? இது பெரோசோ கரை!" கர்னல் ஒரு நாற்காலி போட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப மரியாதையாக எழுந்தார்.

"பெரோசோ கரையா இருந்ததும்மா. நவம்பர்ல வித்தாச்சு. உங்க தம்பி, டாக்டர், அழகாக் கையெழுத்துப் போட்டிருக்கார். பாக்கறீங்களா?"

பார்த்தேன். அப்பா உனக்குக் கற்றுக்கொடுத்த அதே சுழி. முதல் எழுத்தில் ஒரு கொடி.

"உங்க வீட்டுக்காரர் சௌக்கியமா?" என்று கேட்டார் கர்னல். அந்தக் கேள்வியில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது.

ஊர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் நான் தண்ணீர் எடுக்கப் போனபோது பெண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். சாவு வீட்டுக்காரிக்கு ஒதுங்குகிற மாதிரி. உபால்தீனா மட்டும், "உன் இடத்துல நானா இருந்தாலும் புருஷனைத்தான் கேட்டிருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உன் அத்தானுக்குத் தெரியாமல் வைக்க முடியுமா? தெரிந்ததும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்தார். அந்தக் காலோடு படகை எடுத்துக்கொண்டு கர்னலின் அலுவலகத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். மேசைமேல் இரண்டு மணிக்கட்டையும் நீட்டி வைத்தார்.

"என்னை மறுபடி உள்ள போடுங்க. அந்தக் கையெழுத்தைக் கிழிச்சிடுங்க."

கர்னல் விழுந்து விழுந்து சிரித்தார். "ஜெனரலோட சிறை என்ன சத்திரமா? இஷ்டத்துக்கு வர்றதுக்கும் போறதுக்கும்? உன்னைக் கொடுத்து கரையை வாங்கியாச்சு. வித்த சரக்கை கடைக்காரன் திரும்ப எடுத்துக்க மாட்டான். போ, போய்ப் பல்லு கட்டிக்கோ."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. சிப்பாய்கள் அவரைத் தூக்கிப் படகில் போட்டார்கள், அடிக்கக்கூட இல்லை. அடித்திருந்தால் அவருக்கு மரியாதையாக இருந்திருக்கும்.

இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை. நான் சமைத்ததைத் தின்கிறார், ஒவ்வொரு வாயையும் திருடித் தின்கிறவர் மாதிரி. நீ அவரைத் திருப்பிக் கொடுக்கவில்லை நெக்தாரியோ. அவர் உடம்பைத் திருப்பிக் கொடுத்தாய். ஊரை எங்களுக்குத் தெரியாமல் விலையாக எண்ணிக் கொடுத்தாய்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்தத் தெரியாமை என்னுடையது. அதையும் நீ எடுத்துக்கொண்டாய்.

உன் கடிதத்தின் மேலே புது முகவரி பார்த்தேன். எமித்தேரியோ சொன்னார், அங்கே தோட்டம் வைத்த வீடுகளாம். கூரை ஒழுகாது என்று நினைக்கிறேன்.

நாங்கள் போகவில்லை. கரைதான் உன்னுடையது, நீ விற்றாய். தண்ணீரில் நிற்கும் வீட்டுக் கால்கள் எங்களுடையவை.

பெத்தூலியா


எல் பராயீசோ,
கராகஸ்,
பிப்ரவரி 25, 1926

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்கும் கோபம் வரும் என்பதை நீ மறந்துவிட்டாய்.

"யார் காலில் வேண்டுமானாலும் விழு" என்று எழுதியது யார்? விழுந்தேன். செயலாளரின் முன்னறையில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் அவர் சொன்னது இதுதான்: "டாக்டர், கோட்டையில் இருக்கிற ஆள் இன்னொரு மழைக்காலம் தாங்கமாட்டான்னு வைத்தியர் சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?" நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கமா எங்கே போடுவது என்றா?

அவரைக் கேட்டாய். கொடுத்தேன். அதற்கு விலையே இருக்காது என்று நினைத்தாயா? ஜெனரலின் நாட்டில் இலவசமாக எதுவும் திறக்காது என்று அக்காவுக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினாய். விலையை நான் கொடுக்க வேண்டும், உன் கை மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும்.

நான் கையெழுத்துப் போடாவிட்டாலும் ஓராண்டில் எடுத்திருப்பார்கள். சட்டத்தில் அதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது. எனக்குத் தெரியும்.

வீட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அது வாடகை வீடு.

கரைக்கு மேலே மேட்டில் கம்பெனி புது ஊர் கட்டுகிறது. ஜூலையில் அடிக்கல் விழா. மந்திரியோடு நானும் வருவேன். அம்மாவைப் பார்த்து நாலு வருடம் ஆகிறது. அதற்குள் மனதை ஆற்றிக்கொள். பிடிவாதம் பிடிக்காமல் மேட்டுக்குப் போய்விடுங்கள். மே மாதத்துக்கு முன்னால் போய்விடுங்கள் அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

நெக்தாரியோ


அக்கரை முகாம்,
ஜூன் 21, 1926

இதைப் படிக்கிறவருக்கு,

மே மாதத்துக்கு முன்னால் என்று எழுதியிருந்தாய். ஏன் மே என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை. மே மாதம்தான் ஊருக்குப் பக்கத்து எண்ணெய்க் கிணற்றைத் திறந்தார்கள்.

திறந்த அன்றே அது பீறிட்டது. ஏழு நாள் யாராலும் மூட முடியவில்லை. கோபுரத்துக்கு மேலே கறுப்பு மழை. துரைகள் தொப்பியை வீசிக் கொண்டாடினார்கள். வீட்டுக்கடியில் தண்ணீரே தெரியவில்லை. படகு வலித்தால் துடுப்பு கூழில் ஒட்டிக்கொண்டது. அடுப்பு மூட்டக்கூடாது என்று உன் அத்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஊரோடு அவர் பேசியது ஜனவரிக்குப் பிறகு அப்போதுதான். நாங்கள் கிழங்கைப் பச்சையாகத் தின்றோம். ஒருவரும் நெருப்பு மூட்டவில்லை. எழுதிவைத்துக்கொள்: ஒருவரும் மூட்டவில்லை.

எட்டாம் நாள் நண்பகல், கம்பெனியின் விசைப்படகு புகைபோக்கியிலிருந்து பொறி கக்கிக்கொண்டு எங்கள் நடுவே வந்தது. தண்ணீர் எரிந்து பார்த்திருக்கிறாயா? ஓடுவதற்கு இடம் எது? குதித்தால் நெருப்பு, நின்றால் நெருப்பு. உன் அத்தான் நனைந்த பாயைப் போர்த்திக்கொண்டு கரையோரச் சேற்றுக்கும் வீட்டுக்குமாகப் பிள்ளைகளைச் சுமந்தார், அந்தக் காலோடு. நான்காம் முறை உபால்தீனா வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. உபால்தீனாவும் திரும்பவில்லை. அவளுடைய பிள்ளை என்னிடம் இருக்கிறது. கண் திறந்துவிட்டது.

கரை எங்களுடையதாக இருந்திருந்தால், எல்லோரும் மேலேறித் தோப்புப் பக்கம் ஓடியிருப்போம். அங்கே கம்பெனி முள்கம்பி வேலி போட்டிருந்தது. வேலியில் இறந்தவர்களும் உண்டு.

கர்னல் எழுதிய அறிக்கை: "சமையல் நெருப்பால் விபத்து."

இப்போது நாங்கள் எதிர்க்கரையில் இருக்கிறோம். மேட்டிலுள்ள ஓட்டு வீடுகளுக்கு ஒருவரும் போகவில்லை. ஆண்கள் அலையாத்தி மரம் வெட்டுகிறார்கள். ஆறு வீட்டுக்குக் கால் நட்டாயிற்று.

இறந்தவர்களுக்கெல்லாம் ஒன்பது நாள் செபம் சொன்னோம். அது முடிந்ததும், ஊர் கூடி இன்னொருவருக்கும் ஒன்பது நாள் செபம் வைத்தது. உனக்கு.

உடல் இல்லாததால், சிறுவயதில் கோயிலில் நீ முதல் நன்மை வாங்கிய அன்று எடுத்த படத்தை வைத்தோம், வெள்ளைச் சட்டையும் கையில் லில்லியுமாக. முறைப்படி செய்தோம், ஒன்றும் குறைக்கவில்லை. காப்பி, ரொட்டி, செபமாலை. செத்தவனைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும், நல்லதுதான் பேசினார்கள். நீ கணக்குச் சொல்லிக்கொடுத்தது, மரக்காய்போ படிப்புக்குப் போன அன்று துறையில் நின்று அழுதது, எல்லாம். கர்னல் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்.

"யாரு செத்தது?"

"என் தம்பி நெக்தாரியோ."

"டாக்டரா? எப்போ? எனக்குத் தந்தி வரலியே!"

"உங்களுக்கு வராது கர்னல். உட்காருங்க, காப்பி குடிங்க."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் செபமும் சொன்னார்.

ஆகவே ஜூலையில் நீ வர வேண்டாம். மந்திரியோடு யாராவது வந்தால் அவரை எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஆள் இறந்துவிட்டான். நாங்கள் அழுது முடித்தாயிற்று.

பெத்தூலியா பெரோசோ,
குஸ்தோதியோவின் விதவை


எல் பராயீசோ,
கராகஸ்,
ஜூலை 30, 1926

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலம்.

அடிக்கல் விழாவுக்கு நான் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். விழா நன்றாக நடந்ததாகப் பத்திரிகையில் பார்த்தேன்.

அத்தான் விஷயம் பற்றி எனக்கு எழுத வரவில்லை. நான்கு தாள் கிழித்துவிட்டேன். சட்டத்தில் இழப்பீட்டுக்கு ஒரு பிரிவு உண்டா என்று தேடினேன். இல்லை. முதலில் இருந்தது, மேசையில் அதை எடுக்கச் சொன்னார்கள்.

பிள்ளைக்குப் பால்மாவு எமித்தேரியோ வசம் அனுப்பியிருக்கிறேன். யார் அனுப்பியது என்று சொல்ல வேண்டியதில்லை.

உன் கடிதத்தில் எல்லோரையும் எழுதியிருந்தாய். யார் என்ன பேசினார்கள், கர்னல்கூட என்ன செய்தார் என்று எழுதியிருந்தாய். அம்மாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அம்மா அந்தச் செபத்தில் உட்கார்ந்தாளா? அதை மட்டும் எழுது, போதும்.

நெக்தாரியோ